பழைய படச் செயலி: படம் சரி, பெயர்ப் பட்டியல்தான் மோசம்

பழைய தமிழ்ப் படங்களுக்காகவே இந்தச் செயலிக்குச் சந்தா கட்டினேன். ஒலி சுத்தம், நடுவில் விளம்பரத் தொல்லையும் இல்லை. அதுவரை சரி.

நடிகைகளைத் தேடும்போதுதான் எரிச்சல். 'பானுமதி' என்று தட்டினால் நடித்த படங்கள் மட்டும் வரும். 1953-இல் சண்டிராணியைத் தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றிலும் இயக்கியவர் அவர்; இயக்குநர் பட்டியலில் பெயரையே காணோம். சாவித்திரிக்கும் அதே கதி. வாழ்க்கைக் குறிப்பில் பாதிக்கு மேல் கடைசிக் காலச் சோகம்தான். 1969-இல் குழந்தை உள்ளத்தை இயக்கியதற்கு ஒரு வரிகூட இல்லை. அழ வைப்பதில் என்ன அக்கறை!

படம் தொடங்கியதும் 'அறிமுகத்தைத் தவிர்' பொத்தான் வந்து எழுத்து ஓடும் இடத்தை மறைக்கிறது. துணை நடிகைகளின் பெயர் அங்கே மட்டும்தான் இருக்கும். அப்புறம் எங்கே போய்த் தேடுவது?

மனோரமா பக்கம் மட்டும் விதிவிலக்கு. 1958-இல் வந்த மாலையிட்ட மங்கையிலிருந்து ஆண்டு வாரியாக அடுக்கியிருக்கிறார்கள்; அம்மா வேடங்கள் எப்போது கூடின என்பது பார்த்தாலே தெரிகிறது.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். சந்தாவைப் புதுப்பிப்பேன், வேறு வழியில்லை.