காளைத் துண்டு: தேங்காய்ப்பூ துண்டில் தைப்பதா, ஈரிழையில் தைப்பதா?

சின்னவனுக்கு அப்போது நாலு வயசு. பொங்கலுக்கு மூன்று நாளும் டிவியை விட்டு நகரவில்லை. முதல் நாள் அவனியாபுரம் ஜல்லிக்கட்டு, மறுநாள் பாலமேடு, அதற்கு அடுத்த நாள் அலங்காநல்லூர். அந்த வாரமே குளித்துவிட்டு வந்தவன் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, இரண்டு விரலைக் கொம்பாக நீட்டி என் வயிற்றில் முட்டினான். இவனுக்குக் குல்லா வைத்த காளைத் துண்டு ஒன்று தைத்தே ஆக வேண்டும் என்று அப்போதே தோன்றிவிட்டது.

இப்போது வீட்டில் அப்படி இரண்டு துண்டுகள் இருக்கின்றன. தையில் தைத்தது முழுக்கத் தேங்காய்ப்பூ துண்டு (டர்க்கி டவல்). அதே வருஷம் கார்த்திகையில் தைத்தது தட்டையாக நெய்த ஈரிழைத் துண்டு. இரண்டையும் தைத்து, துவைத்து, காயப்போட்டுப் பார்த்த பிறகு என் மனசு முழுக்க ஈரிழைப் பக்கம்தான்.

கடையில் ரெடிமேடாகவும் கிடைக்கிறது. முயல், கரடி, டைனோசர் எல்லாம் உண்டு, காளை கிடையாது. நான் தொட்டுப் பார்த்தவை பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்தவை. கன்னத்தில் வைத்தால் மெத்தென்று இருக்கும், ஈரத்தை இழுக்காது. அதனால் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

தைக்கிற சுலபத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருப்பது அம்மா கொடுத்த பழைய கால் மெஷின், நேர்த் தையல் மட்டும்தான் போடும். தேங்காய்ப்பூ துண்டில் கத்தரி பட்ட இடமெல்லாம் வளையம் வளையமாக உதிர்ந்து பஞ்சு பறந்தது. ஒரு குல்லா தைப்பதற்குள் கீழ்நூல் இருக்கும் பாபின் கேஸை இரண்டு தடவை கழற்றித் துடைத்தேன். குல்லா கழுத்தோடு சேருகிற இடத்தில் மடிப்பையும் சேர்த்தால் ஐந்து அடுக்கு வருகிறது. 14ஆம் நம்பர் ஊசி அங்கே ஒடிந்தது. அதைவிடத் தடித்த 16 போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் அந்த ஓர் அங்குலத்தைத் தாண்டினேன். வளையங்கள் துணியை அழுத்திப் பிடிக்கிற பிரஸ்ஸர் ஃபுட்டில் மாட்டாமல் இருக்க மேலே ஒரு நியூஸ்பேப்பர் துண்டை வைத்துத் தைத்துவிட்டு, பிறகு கிழித்துவிடலாம். ஈரிழையில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. வெட்டிய ஓரம் பிரியும், அவ்வளவுதான். இரட்டைத் தையலாக உள்ளே மடித்து அடித்தால் நின்றுவிடும்.

ஆனால் தைக்கிற வேலை ஒரு நாளோடு போகும். துண்டு தினமும் நனையும், தினமும் காய வேண்டும். என் முடிவைத் தீர்மானித்தது அதுதான்.

முதல் துண்டு வாங்கும்போது எனக்கு இது உறைக்கவில்லை. மதுரை தெற்கு மாசி வீதிக் கடையில் நாலைந்து துண்டை விரித்துப் போட்டார்கள். கனமாக, பூப்போல இருந்ததை எடுத்துக்கொண்டேன். 500 ஜிஎஸ்எம் என்று எழுதியிருந்தது. ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு. 75க்கு 150 சென்டிமீட்டர் துண்டில் ஒன்றேகால் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத் துணி இருக்கும், ஆக எடை சுமார் 560 கிராம். அதற்கு மேல் குல்லாவுக்கு உள்துணியும் வைத்து இரண்டு அடுக்காக்கினேன். கொம்பு விறைப்பாக நிற்கட்டும் என்று பழைய தலையணைப் பஞ்சை அடைத்தேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நாலு வீடு போய்க் காட்டிவிட்டு வந்தான்.

மாசியிலிருந்து ஆவணி வரைக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. மதுரை வெயிலில் எதுதான் காயாது? காலையில் மாடிக் கொடியில் போட்டால் மத்தியானத்துக்குள் அப்பளமாகிவிடும். ஐப்பசி பிறந்து மழை பிடித்ததும்தான் வினை வந்தது. துண்டை வீட்டுக்குள் கொடி கட்டிப் போட்டேன், ஃபேனையும் ஓட விட்டேன். விளிம்பு காய்ந்தது, நடுப்பகுதி மறுநாள் சாயங்காலம் காய்ந்தது. குல்லா மட்டும் மூன்றாம் நாளும் சில்லென்றே இருந்தது. அடுத்த வீட்டு மதினி வந்தபோது அதைக் கையில் எடுத்தவர், "மதினி, இந்தக் கொம்பை மோந்து பாருங்க" என்றார். மோந்து பார்த்தேன். ஊறப்போட்டு மறந்துபோன துணியின் வாடை. தையலைப் பிரித்தால் உள்ளே பஞ்சு கட்டியாகி, ஒரு பக்கம் கடுகு தெளித்தமாதிரி கரும்பூஞ்சை. அதைப் பிள்ளையின் தலையில் போட்டுத் துவட்டிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று நினைத்தபோது மனசு பதறிவிட்டது.

காரணம் துணியின் நெசவிலேயே இருக்கிறது. தேங்காய்ப்பூ துண்டில் பாவு இரண்டு வகை. ஒன்றை இறுக்கியும் இன்னொன்றைத் தளர்த்தியும் நெய்வதால் தளர்ந்த இழை வளையமாக எழும்பி நிற்கிறது. அந்த வளையங்கள்தான் தண்ணீரைக் குடிக்கின்றன, குடித்ததைச் சீக்கிரம் விடாமல் பிடித்து வைப்பதும் அவைதான். ஈரிழை என்பது இரண்டு இழையைச் சேர்த்து நெய்த தட்டையான துணி. வளையம் இல்லை, காற்று குறுக்கே போய் வரும். என் ஈரிழைத் துண்டைச் சமையலறைத் தராசில் வைத்தேன், 240 கிராம். பாதிகூட இல்லை. அதே ஐப்பசி, கார்த்திகை மழையில் ராத்திரி ஃபேனுக்கு அடியில் போட்டால் காலையில் எடுத்து உபயோகிக்கலாம்.

எங்கள் தெருவில் போர் தண்ணீர் சரியான உப்பு. அதில் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகத் துணியில் படியும். தேங்காய்ப்பூ துண்டின் வளையங்களில் அது தங்கி, ஆறே மாதத்தில் துண்டு தேங்காய் நார்மாதிரி ஆனது. துணியை மிருதுவாக்குகிற திரவம் ஊற்றிப் பார்த்தேன். தொடுவதற்கு மெத்தென்று ஆனது, ஈரம் இழுப்பது குறைந்துபோனது. ஈரிழை இதற்கு நேர் எதிர். புதிதில் கஞ்சி விறைப்போடு முரட்டுத்தனமாக இருக்கும், தண்ணீரை உறிஞ்சவே செய்யாது. நாலு தடவை துவைத்த பிறகு இளகும், அப்புறம் நாளாக நாளாக நன்றாகிக்கொண்டே போகும். அதனால் வெட்டுவதற்கு முன்னால் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, இரண்டு மூன்று முறை அலசிக் காயவிடுங்கள். என் 60 அங்குலத் துண்டு 57 ஆகச் சுருங்கியது. தைத்த பிறகு சுருங்கியிருந்தால் குல்லா கோணிக்கொண்டிருக்கும்.

பெரியவள் கொலுசு போடுகிறவள். முதல் துண்டில் அவள் காலைத் துடைக்கும்போது கொலுசுக் கொக்கி வளையத்தில் மாட்டி, இழுத்தால் ஒரு சாண் இழை உருவிக்கொண்டு வந்துவிட்டது. ஈரிழையில் மாட்டுவதற்கு எதுவும் இல்லை.

ஆனாலும் இரண்டாவது துண்டு முழுக்க ஈரிழை இல்லை. குல்லா மட்டும் தேங்காய்ப்பூதான், ஆனால் ஒற்றை அடுக்கு. தலைமுடி ஈரத்தை அது வேகமாக இழுக்கிறது, அந்த விஷயத்தில் ஈரிழை அதற்கு ஈடாகாது. 16க்கு 24 அங்குலக் கைத்துண்டு ஒன்று போதும். 24 அங்குல ஓரத்தைக் கரையோடு முகத்துக்கு வைத்துக்கொண்டு, ஆழம் 10 அங்குலம் விட்டு மிச்சத்தை வெட்டிவிடுங்கள். அதை நடுவில் மடித்து, வெட்டிய பக்கத்தைப் பின்மண்டைத் தையலாக மூட்டி, உச்சி மூலையை வளைத்து அடித்தால் குல்லா தயார். பிசிறுகிற ஓரம் அந்த ஒன்றுதான், அதற்கு நாடா வைத்து மூடிவிட்டேன். பிறகு பெரிய துண்டின் நீளப் பக்கத்து நடுவில், ஒரு மடிப்பு விட்டு, குல்லாவின் கழுத்தைச் சேர்த்தேன். பெரிய துண்டின் கரை நாலு பக்கமும் அப்படியே இருப்பதால் ஓரம் அடிக்கிற வேலையே இல்லை.

கொம்புக்கு இந்த முறை பஞ்சு வைக்கவில்லை. வெள்ளைக் காட்டனை இரண்டு அடுக்காக வைத்து, ஒரு விரல்கடை இடைவெளியில் மூன்று வரித் தையல் போட்டேன், அதுவே நிமிர்த்தி வைக்கிறது. குல்லாவில் சின்னக் கீறல் விட்டு உள்ளே செருகித் தைத்தேன். காதின் உள்பக்கத்துக்கு என் பழைய சுங்குடிச் சேலையின் முந்தானைத் துண்டு, சிவப்பில் வெள்ளைப் புள்ளி. சுங்குடி பழையதாக இருந்தாலும் சாயம் போகிறதா என்று தனியாக நனைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குப் பட்டன் வேண்டாம், சின்னப் பிள்ளை கடித்துப் பிய்த்து விழுங்கிவிடும். கறுப்பு நூலில் கையாலேயே நிரப்பித் தைத்தேன். தைத்து முடித்துக் காட்டியதும் அவன் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அம்மா, திமிலு எங்க?" என்றான். முதுகு மடிப்பைக் கொஞ்சம் தூக்கித் தைத்து அதையும் கொடுத்தேன். ஈரிழையில் அது தொய்ந்துதான் விழுகிறது. நிமிர்ந்த திமில் வேண்டும் என்றால் தேங்காய்ப்பூவில்தான் நிற்கும்.

எங்கள் வீட்டில் துவைப்பது கல்லில். மெஷினில் போட்டுச் சுழற்றிப் பிழிகிறவர்களுக்குத் தேங்காய்ப்பூ துண்டு நான் சொன்ன அளவுக்குத் தொல்லை கொடுக்காமல் இருக்கலாம். நல்ல தண்ணீர் வருகிற வீட்டிலும் அப்படித்தான். கைக்குழந்தைக்கு இந்த ஈரிழையை நான் போட்டுப் பார்த்ததில்லை. அந்த இளம் தோலுக்கு முதல் சில மாதம் பழைய வேட்டித் துணிதான் என் இரண்டு பிள்ளைகளுக்கும் உபயோகித்தேன். மார்கழி விடியலில் குளிப்பாட்டும்போது தேங்காய்ப்பூவின் கதகதப்பை ஈரிழை தருவதில்லை, அது உண்மை.

செலவு என்று பார்த்தால், நான் வாங்கியபோது பெரிய தேங்காய்ப்பூ துண்டு 320 ரூபாய். ஈரிழை 130, கைத்துண்டு 70. மெஷின் இல்லாதவர்கள், மதுரை மீனாட்சியம்மன் கோயில் பக்கத்துப் புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிப்போன தையல்காரர்களிடம் கொடுத்துக் கேட்டுப் பார்க்கலாம். காகிதத்தில் காது, கொம்பு வெட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர்களுக்கும் சுலபம்.

பழைய காளையையும் தூக்கிப் போடவில்லை. கொம்பைப் பிரித்துப் பஞ்சை எடுத்துவிட்டு, குல்லாவின் உள்துணியையும் வெட்டி எடுத்தேன். வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு நாள் நல்ல வெயிலில் காய்ந்ததும் வாடை போய்விட்டது. கொம்பு இரண்டும் இப்போது காதுமாதிரி தொங்குகின்றன. சித்திரை முதல் ஆவணி வரை அதைக் கொடியில் பார்க்கலாம். ஐப்பசி பிறந்ததும் மடித்துப் பீரோவில் வைத்துவிட்டு ஈரிழையை எடுத்துக்கொள்கிறோம்.