நுவரெலியா கோல்ஃப் மைதானம்: ஓங்கி அடிப்பவருக்கு இடமில்லை

நுவரெலியா கோல்ஃப் மைதானத்தின் நீளத்தை மட்டும் கேட்டுவிட்டு, அரை நாளில் முடித்துவிடலாம் என்ற துணிச்சலோடு மலையேறியவர்களில் நானும் ஒருவன். இன்றைய போட்டி மைதானங்கள் 7,000 கஜத்தைச் சாதாரணமாகத் தாண்டிச் செல்லும்போது, இங்கே 18 குழிகளையும் (பந்தை முதலில் அடிக்கும் இடத்திலிருந்து அது விழ வேண்டிய குழி வரையிலான பாதை முழுவதையும் ‘குழி’ என்பார்கள்) சேர்த்தாலும் 6,000 கஜத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் அந்தக் காலையில் நான்கு பந்துகளை மரங்களுக்குக் கொடுத்துவிட்டுத்தான் நான் திரும்பினேன்.

இந்தக் குறைந்த நீளத்துக்கு வரலாற்றில் காரணம் உண்டு. கோர்டன் ஹைலேண்டர்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்த ஸ்கொட்லாந்துக்காரர் ஒருவரின் முயற்சியால் 1889இல் இக்கழகம் தோன்றியது. கொழும்பில் கோல்ஃப் கழகம் தொடங்கி அப்போது பத்து ஆண்டுகளே ஆகியிருந்தன. அக்காலத்து ஆட்டக்காரர்கள் மரக்காம்பு பொருத்திய மட்டைகளால், குட்டா பெர்ச்சா என்னும் மரப்பாலை இறுக்கிச் செய்த கெட்டிப் பந்தை அடித்தார்கள். ரப்பர் உள்ளீடு கொண்ட பந்துக்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்ததே 1899இல்தான். ஆகவே இன்று நமக்குக் குட்டையாகத் தெரியும் குழி, அன்றைய பந்துக்கு முழு நீளக் குழி. பிற்காலத்தில் மட்டைகளும் பந்துகளும் மாறிய வேகத்துக்கு ஈடாக மைதானத்தை நீட்டலாம் என்றாலும், சுற்றிலும் நகரமும் வீதிகளும் நெருங்கி நிற்கின்றன. நீளத்தால் தர முடியாத சவாலை இங்கே மரங்களே தருகின்றன.

கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல் இருப்பதால் காற்றின் அடர்த்தி குறைவு. பந்து சற்றுக் கூடுதலாகப் பறக்கும். சமதளமான கொழும்பு மைதானத்தில் 7ஆம் எண் அயனை (இரும்புத் தலை மட்டை; எண் கூடக் கூட அடிக்கும் தூரம் குறையும்) எடுத்துப் பழகியவர் இங்கே 8ஆம் எண்ணை எடுத்துப் பார்க்கலாம். சிக்கல் என்னவென்றால், கூடுதலாகப் பறக்கும் பந்து கோணினாலும் கூடுதலாகவே போய் விழும்.

எனக்குத் துணையாக மட்டைப் பையைச் சுமந்து வந்த கேடி, வயதில் மூத்த மலையகத் தமிழர். ஃபேர்வே என்னும் குட்டைப்புல் பாதை இருபுறமும் உயர்ந்த மரங்களால் நெருக்கப்பட்டிருந்த ஒரு குழியில், நான் கேட்காமலே பையிலிருந்து 5ஆம் எண் அயனை உருவிப் பிடியை என் பக்கம் நீட்டினார். “டிரைவரைத் தாங்க ஐயா” என்று, மிகத் தொலைவுக்கு அடிக்கும் மட்டையைக் கேட்டேன். தந்தார். பந்து வலப்பக்கம் வளைந்து சென்றது, மரத்தில் மோதிய ஓசை கேட்டது, பிறகு ஒன்றுமில்லை. 2019 முதல் பந்தைத் தேட விதி அனுமதிப்பது 3 நிமிடம் மட்டுமே. முன்பு அது 5 நிமிடமாக இருந்தது. இந்த மைதானத்தைப் பார்த்திருந்தால் அந்த இரண்டு நிமிடத்தைக் குறைத்திருக்க மாட்டார்கள் என்று தோன்றியது. அடுத்த குழியில் அவர் மட்டையை நீட்டவில்லை. “கொடியப் பாக்காதீங்க சேர், ரெண்டாவது அடிக்கு எங்க நிக்கணும்னு பாருங்க” என்றார். அதன்பின் அவர் சொன்னபடி ஆடினேன். அடிகளின் எண்ணிக்கை உடனே குறைந்தது.

குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீன்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். விடியற்காலையில் புல்லின்மேல் பனிநீர் படிந்திருக்கும். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் சில நாள்களில் உறைபனியே விழும். என் நண்பர் பட்டரால் (பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டை) தட்டிய பந்து, வெண்மையாயிருந்த புல்லின்மேல் கரும்பச்சைக் கோடு ஒன்றை விட்டுச் சென்றது. சரிவு எந்தப் பக்கம், பந்து எங்கே திரும்பும் என்பதையெல்லாம் அந்தக் கோடு எழுதிக் காட்டிவிட்டதால், இரண்டாவதாக ஆடிய எனக்கு அது பெரிய அனுகூலம். ஆனால் ஈரத்தில் பந்து முன்கூட்டியே நின்றுவிடும். வெயில் ஏறி நீர் காய்ந்ததும் அதே கை வலிமைக்குப் பந்து குழியைத் தாண்டி ஓடுகிறது. முதல் சில குழிகளில் பழகிய கணக்கை அதன்பின் மறந்துவிட வேண்டும்.

மைதானத்தை ஒட்டிய பழைய இடுகாட்டில் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரியின் கல்லறை உள்ளது. 1,400 யானைகளுக்கு மேல் சுட்டவர் என்று சொல்லப்படும் அவர், 1845இல் இடி தாக்கி இறந்தார். அவரது கல்லறையின் மீதும் இடி விழுந்தது என்று நகரத்தில் சொல்வார்கள். கதையை நம்பினாலும் நம்பாவிட்டாலும், இவ்வளவு உயரமான மரங்களுக்கிடையே இரும்பு மட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்பவர்கள் முழக்கம் கேட்டதும் உள்ளே போய்விடுவது நல்லது.

கழகக் கட்டடம் பழைய பாங்கில், அமைதியாக இருக்கிறது. உறுப்பினர் அல்லாதவர்களும் கட்டணம் செலுத்தி ஆடலாம். ஏப்ரல் மாதத்து வசந்தகாலக் கூட்டத்தில் நகரில் அறை கிடைப்பதே அரிது என்பதால் முன்பதிவு அவசியம். தென்மேற்குப் பருவமழை பெய்யும் ஜூன், ஜூலையில் பந்து விழுந்த இடத்திலேயே நின்றுவிடும். புதிதாகக் கற்றுக்கொள்பவர்களை நான் இங்கே அனுப்ப மாட்டேன். நேராக அடிக்கத் தெரிந்தவர்கள், நீளமாக அடிக்க முடியாவிட்டாலும், பிப்ரவரி அல்லது மார்ச்சில் போகலாம். பையில் ஒரு டசின் பந்துகளாவது இருக்கட்டும்.