குளிர்காலத்துக்குக் காரின் கிரில்லை அடைத்துத் தருபவர்களிடம் கவனம்

கனடாவின் ஸ்காபரோவில் உள்ள ஒரு கராஜில் கடந்த ஜனவரிக் கடைசியில் என் காரின் முன் கிரில்லை, அதாவது ரேடியேட்டருக்குக் காற்றுப் புகும் முன்பக்கத் திறப்பை, அடைப்பதற்கு 380 டாலர் கொடுத்தேன். எஞ்சின் சீக்கிரம் சூடேறும், காற்றுத்தடை குறையும், எரிபொருளில் ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சும் என்று உரிமையாளர் சொன்னதை நம்பியது என் பிழை. கிரில்லுக்குள் புகும் காற்று வண்டியைப் பின்னிழுப்பது மெய். மைனஸ் 20 பாகைக் காற்று, கோடையின் 20 பாகைக் காற்றைவிட ஏறத்தாழ 16 சதவீதம் அடர்த்தியானது என்பதும் மெய். ஆனால் அந்தத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதால், சிக்னலுக்குச் சிக்னல் நின்று செல்லும் என் அன்றாட ஓட்டத்தில் மிச்சம் என்று சொல்ல ஒன்றுமில்லை. சூடேறும் கதையும் அரைகுறைதான்: எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் சூடாகும்வரை அதை ரேடியேட்டர் பக்கம் போகவிடாமல் தெர்மோஸ்டாட் என்ற வால்வே தடுத்து வைத்திருக்கிறது.

பிப்ரவரியில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. குளிருக்கு அப்படித்தான் என்றார் கராஜ் உரிமையாளர். மார்ச் நடுவில், வெப்பநிலை 9 பாகைக்கு ஏறிய ஒரு மாலை, 401 நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தபோது, ரேடியேட்டர் விசிறி ஓயாமல் இரைய, வெப்பமானி முள் சிவப்பை நெருங்கியது. வேறோரிடத்தில் பம்பரைக் கழற்றிய பிறகே தெரிந்தது, கிரில்லுக்குப் பின்னால் தொழிற்சாலையிலேயே பொருத்திய ஷட்டர் இருந்தது என்பது. குளிரிலும் வேகத்திலும் தானே மூடி, சூடேறினால் தானே திறக்கும் கறுப்புத் தகடுகள் அவை. நான் காசு கொடுத்து வாங்கிய வேலையைக் கார் ஏற்கெனவே செய்துகொண்டிருந்திருக்கிறது. அந்தத் தகடுகளின் இடுக்கெல்லாம், ஜன்னலோரம் அடைக்கும் ஸ்பிரே நுரை மஞ்சளாகப் பொங்கி இறுகிக் கிடந்தது. மெக்கானிக் நெம்பியபோது நுரையோடு தகடும் முறிந்து வந்தது. மாற்றுவதற்கு 1,150 டாலர்.

முறிந்த தகட்டை அந்த முதல் கராஜ் உரிமையாளரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "அண்ணை, அது விண்டருக்குத்தானே செய்தது, மார்ச்சில நீங்களெல்லோ கழற்றியிருக்க வேணும்" என்றார். நுரையை எதனால் கழற்றுவது என்பதற்குப் பதில் இல்லை. வாகனத் திருத்த வேலைக்கு 90 நாள் அல்லது 5,000 கிலோமீட்டர் உத்தரவாதம் உண்டு என்ற ஒன்டாரியோவின் நுகர்வோர் சட்டத்தைச் சொன்னேன்; அது திருத்தத்துக்கு, இது அலங்காரம் என்றார். எழுத்தில் மதிப்பீடு கேட்டு வாங்காமல் விட்டதால், என் கையிலிருந்த பற்றுச்சீட்டில் 'முன்பக்க வேலை' என்ற ஒரே வரிதான்.

கிரில்லை அடைக்க விரும்புபவர்கள் முதலில் டார்ச் அடித்து உள்ளே ஷட்டர் தகடுகள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால், விளம்பரப் பலகைக்குப் பயன்படும் நெளி பிளாஸ்டிக் அட்டையை வெட்டி, பிளாஸ்டிக் கட்டுப்பட்டியால் மேல் கிரில்லில் மட்டும் கட்டி, முன்னால் போகும் வண்டியைக் கவனிக்கும் ரேடார் சென்சரையும் கீழ்த் திறப்பையும் மறைக்காமல் விட்டுவிடலாம். பிறகு கழற்றுவதற்கும் ஒரு கத்தரிக்கோலே போதும்.