கார்டு பாயிண்ட்டில் மணாலி: போகலாமா?

அரையாண்டு விடுமுறைக்குப் பிள்ளைகளுக்கு மணாலியில் பனி காட்ட, கிரெடிட் கார்டு பாயிண்ட்டை ஏர் இந்தியாவின் மகாராஜா கிளப் மைலாக (பணத்துக்குப் பதில் டிக்கெட் எடுக்க உதவும் விமான நிறுவனப் புள்ளி) மாற்றி, திருவனந்தபுரத்திலிருந்து டெல்லிக்கு டிக்கெட் எடுத்தோம். தூத்துக்குடி வாகைகுளம் விமான நிலையம் நமக்குப் பக்கம்தான், ஆனால் அங்கிருந்து டெல்லிக்கு மாறித்தான் போகணும், சின்னப் பிள்ளைகளோடு அது அலைச்சல்.

பாளையங்கோட்டையில் கேட்கிறவர்களிடம் எல்லாம் தாராளமாகச் செய்யுங்கள் என்றுதான் சொல்கிறேன். ஆனால் 'இலவச டிக்கெட்' என்று கார்டு விற்க வருகிறவர் சொல்வதை அப்படியே நம்பிவிட வேண்டாம், வரியும் மற்ற கட்டணங்களும் கையிலிருந்துதான் போகும், குடும்பத்துக்கே சேர்த்துப் பார்த்தால் அது சின்னத் தொகை இல்லை. முக்கியமாக, மைலாக மாற்றிய பாயிண்ட் திரும்ப வராது, அதனால் மைலுக்குச் சீட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அப்புறம் மாற்றுங்கள். கிறிஸ்துமஸ் வாரத்தில் எல்லாருக்கும் ஒரே விமானத்தில் மைல் சீட் கிடைப்பது கஷ்டம், சீக்கிரமே தேடணும்.

டெல்லியில் டிசம்பரில் காலை மூடுபனியில் விமானம் தாமதமாகும், இறங்கிய அன்றைக்கே மணாலி பஸ் போடாதீர்கள். மணாலி ஊருக்குள் பனி இல்லையென்றால், 2020இல் திறந்த அடல் சுரங்கப்பாதையைத் தாண்டி சிஸ்ஸு கிராமம் வரை போய்ப் பாருங்கள்.