மீன் கவிழ்ந்து மிதந்தால் கடைக்காரர் தரும் பாட்டிலைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்

பொங்கல் லீவில் மகளுக்காக கொளத்தூர் பக்கம் ஒரு கடையில் 60 லிட்டர் தொட்டியும் இரண்டு ஒராண்டா கோல்டு ஃபிஷ்ஷும் வாங்கினேன். கடைப் பெயரைப் போடவில்லை. எந்தக் கடைக்குப் போனாலும் இதைத் தெரிந்துகொண்டு போங்கள் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

சிவப்பும் வெள்ளையுமாக இருந்த மீன் கடைத் தொட்டியிலேயே ஒரு மூலையில் வாலைத் தூக்கிக்கொண்டு சாய்ந்துதான் நின்றது. கேட்டேன். "தூங்குது சார், வீட்டுக்குப் போனா சரியாயிடும்" என்றார். புதுத் தொட்டியில், மீன் கழிவிலிருந்து வரும் விஷமான அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா ஃபில்டரில் வளர 4 முதல் 6 வாரம் வரை ஆகும் என்பது அன்று எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை, ஆனாலும் "இன்னைக்கே விட்டுடுங்க" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

மூன்றாவது வாரம் அந்த மீன் வயிறு மேலே வந்து மிதந்தது. உள்ளே போக முயற்சி செய்யும், வாலை அடித்து அடித்து அரை அடி இறங்கும், விட்டால் தக்கை மாதிரி மேலே வந்துவிடும். தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வயிற்றுத் தோல் காய்ந்து, ஒரு ரூபாய் காசு அளவுக்குச் சிவந்து புண்ணாகிவிட்டது. மகள் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீடியோ எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். என்ன தீனி போடுகிறீர்கள், எவ்வளவு போடுகிறீர்கள், தண்ணீரை டெஸ்ட் பண்ணினீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மெத்திலீன் ப்ளூ என்ற நீல மருந்து ஒன்று, மஞ்சள் நிற ஆன்டிபயாடிக் பவுடர் ஒன்று, வைட்டமின் என்று ஒன்று, மூன்றும் சேர்த்து 1,150 ரூபாய். எல்லாவற்றையும் தொட்டியிலேயே ஊற்றுங்கள், தினமும் முழுத் தண்ணீரையும் மாற்றுங்கள், ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் நன்றாகக் கழுவுங்கள் என்றார். நானும் செய்தேன். இன்றைக்கும் தொட்டி ஓரத்து சிலிக்கான் நீலமாகத்தான் இருக்கிறது.

மெத்திலீன் ப்ளூ இந்தப் பிரச்சினைக்கான மருந்தே இல்லை. அது ஃபில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிடும், மிச்சம் இருந்ததைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் நானே கழுவிக் கொட்டினேன். நல்லா இருந்த கறுப்பு மீனும் மேலே வந்து வாயைப் பிளக்க ஆரம்பித்த பிறகுதான் டெஸ்ட் கிட் வாங்கினேன். மஞ்சளாகவே இருக்க வேண்டிய அம்மோனியா டியூப் கரும்பச்சை ஆனது. மறுநாள் சிவப்பு மீன் செத்துப்போனது.

கறுப்பு மீனை மீன் வளர்க்கும் நண்பர் ஒருவர் சொன்னபடி பார்த்துக்கொண்டேன். மருந்தை எல்லாம் நிறுத்திவிட்டு, குளோரின் நீக்கிய தண்ணீரில் தினமும் கால் பங்கு மாற்றினேன். அதுவும் சாய ஆரம்பித்திருந்ததால் மூன்று நாள் தீனி போடவில்லை, அப்புறம் வேகவைத்துத் தோல் உரித்த பச்சைப் பட்டாணியை நசுக்கி ஒரு துணுக்கு. எப்சம் சால்ட் (மெக்னீசியம் சல்ஃபேட், சமையல் உப்பு இல்லை) 20 லிட்டருக்கு எட்டில் ஒரு பங்கு டீஸ்பூன், அவ்வளவுதான். அஞ்சாவது நாள் நேராக நீந்தியது.

ஒராண்டா, ரியூகின் மாதிரி உருண்டை உடம்பு மீன்களுக்கு இப்படிக் கவிழ்ந்து மிதக்கும் பிரச்சினை அடிக்கடி வரும். உடம்பைக் குறுக்கிக் குறுக்கி வளர்த்த இனங்கள், உள்ளே நீச்சல் பைக்கும் (மீன் தண்ணீரில் நேராக, நிலையாக நிற்க உதவும் காற்றுப் பை) குடலுக்கும் இடமே இருக்காது. மலச்சிக்கல் வந்து குடல் வீங்கினாலே அந்தப் பை அமுங்கி மீன் கவிழ்ந்துவிடும். மிதக்கும் தீனியைக் காற்றோடு சேர்த்து விழுங்கினாலும் வரலாம், தண்ணீர் கெட்டாலும் வரலாம், பிறவிக் குறையாகவும் இருக்கலாம், சில சமயம் கிருமித் தொற்று. காரணம் தெரியாமல் பாட்டில் கொடுக்கிறவர் வைத்தியம் பார்க்கவில்லை, வியாபாரம்தான் பார்க்கிறார். மீன் வாங்கும்போது கடையிலேயே தீனி போடச் சொல்லி, சாப்பிட்ட பிறகு நேராக நீந்துகிறதா என்று பத்து நிமிஷம் நின்று பாருங்கள். மூலையில் சாய்ந்து நிற்பதை எவ்வளவு விலை குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

திரும்பப் போய்க் கேட்டதற்கு, "உயிருள்ள பொருளுக்கு கேரண்டி கிடையாது சார்" என்றார். நான் மீனுக்குப் பணம் கேட்கவே இல்லை, அந்த மூன்று பாட்டிலுக்குத்தான் கேட்டேன்.