சுங்கை சிப்புட்டும் அம்மாவின் மஞ்சள் ஊசியும்

பெர்த்திலிருந்து மூன்று வருடம் கழித்து மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டுக்குப் போனேன். விடுமுறையில் பாதி அம்மாவின் கண்ணுக்கே சரியாகப் போனது. அவருக்கு ரொம்ப நாளாக இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய். விழித்திரையில் ரத்தக் குழாய் கசிகிறதா என்று பார்க்க, சாயம் ஏற்றிப் படம் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ அரை மணி நேர ஓட்டம்தான். அம்மா வரவே மாட்டேன் என்றார்.

முன்பு வேறோர் இடத்தில் எடுத்தபோது, ஊசி போட்ட அரை நிமிடத்தில் குமட்டி, தாடையை மெஷினில் வைத்தபடியே வாந்தி எடுத்திருக்கிறார். இப்படி ஆகலாம் என்று யாரும் சொல்லவில்லை. ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். "அத்தனை பேர் முன்னால அசிங்கமாப் போச்சும்மா" என்றபோது எனக்கு நெஞ்சு அடைத்தது.

இந்தத் தடவை நம்பர் எடுத்ததுமே தாதியிடம் அதைச் சொன்னேன். ஒருமுறை குமட்டியவருக்கு மறுபடியும் வர வாய்ப்பு அதிகம் என்று ஃபைலில் குறித்துக்கொண்டார். அலர்ஜி, இழுப்பு உண்டா என்றும் கேட்டார். டாக்டர் வாந்தி மாத்திரையை முன்கூட்டியே கொடுக்கச் சொன்னார்; தூக்கம் வரும், துணைக்கு ஆள் வேண்டும் என்றார். காலையில் கொஞ்சமாகப் பசியாறச் சொன்னார்கள். இதில் இடத்துக்கு இடம் வழக்கம் வேறு. இனிப்பு நீர் மருந்து எடுப்பவர்கள் தாங்களாகவே பட்டினி கிடக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாயம் இல்லாமலே ரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் ஓசிடி ஆஞ்சியோகிராபி ஸ்கேன் போதாதா என்று கேட்டேன். அதில் குழாய்கள் தெரியும், கசிவு தெரியாது என்றார் டாக்டர்.

சாயத்தின் பெயர் ஃப்ளோரசீன். கை நரம்பில் ஏற்றிய பத்துப் பதினைந்து விநாடியில் கண்ணுக்கு வந்துவிடுகிறது. அந்த முதல் நிமிடப் படங்கள்தான் முக்கியம். அப்போது குமட்டித் தலையை எடுத்தால் அவை போய்விடும். தாதி மெதுவாக ஏற்றினார். மடியில் ஒரு கிண்ணத்தை வைத்து, "அம்மா, கொஞ்ச நேரம் ஒரு மாதிரி இருக்கும், வாயால மூச்சு விடுங்க, தானா போயிடும். தொண்டை அடைச்சாலோ, உடம்பு அரிச்சாலோ, கை எரிஞ்சாலோ உடனே சொல்லுங்க" என்றார். குமட்டல் வந்தது. அம்மா என் விரல்களை இறுக்கிக்கொண்டு மூச்சு விட்டார். இரண்டு நிமிடத்தில் அடங்கிவிட்டது. கிண்ணம் தேவைப்படவில்லை.

சாயங்காலம் வரை தோல் மஞ்சளாக இருந்தது, மறுநாள் வரை சிறுநீரும். இதையும் முன்பே சொல்லிவிட்டதால் அம்மா பயப்படவில்லை. கிளம்புமுன் அவருடைய அட்டையின் மேல் பக்கத்தில், "முன்பு சாய ஊசி போட்டபோது வாந்தி எடுத்தவர்" என்று எழுதி வாங்கிக்கொண்டேன். அடுத்த தடவை நான் பக்கத்தில் இருக்க மாட்டேன்.