லாடம் கழற்றிப் பதினாறு மாதம்: செவலையும் ஜல்லியும்

மேலூர்ப் பங்காளி ஒருவர் புதிதாகக் குதிரை வாங்கியிருக்கிறார். நேற்று போனில், "அண்ணே, நீங்க லாடத்தைக் கழட்டிட்டீங்களாமே, நானும் கழட்டவா?" என்றார். சட்டென்று பதில் வரவில்லை.

எங்கள் குதிரை செவலை வந்து ஆறு வருடம். பந்தயத்துக்கு இல்லை, தோப்பைச் சுற்றவும், எப்போதாவது அழகர்கோவில் சாலையில் ஒரு நடை போகவும்தான். அதற்கு லாடம் நிற்கவே நிற்காது. அடித்த மூன்றாம் வாரமே ஆணி ஆடும். பிய்ந்து போகும்போது குளம்பில் ஒரு சில்லையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும். கடைசியாக வந்த லாடக்காரர், "ஆணி இறக்க இடமில்லை தம்பி" என்று கையை விரித்துவிட்டார். ஆக, கொள்கையாவது புண்ணாக்காவது, வேறு வழியில்லாமல் கழற்றியதுதான்.

தீனியை மாற்றச் சொன்னவர் கால்நடை மருத்துவர். அதுவரை அவித்த கொள்ளு, கோதுமைத் தவிடு, கை நிறைய வெல்லம், வயிறு முட்டக் கோ 4 என்கிற நேப்பியர் வகைத் தீவனப் புல். ராஜ உபசாரம் என்று நினைத்திருந்தேன். தவிட்டில் பாஸ்பரஸ் ஏராளம், சுண்ணாம்புச் சத்து சொற்பம். அந்தப் புல்லில் உள்ள ஆக்சலேட் என்கிற உப்பு அந்தச் சொற்பத்தையும் கட்டிப்போட்டுவிடும் என்றார். மாட்டின் வயிறு அதைப் பெரும்பாலும் சமாளித்துவிடும், குதிரையால் முடியாது. மாவும் இனிப்பும் அளவு மீறினால் பெருங்குடலில் புளித்து, கடைசியில் குளம்பில் வந்து விடியும். இப்போது காய்ந்த அருகம்புல்தான் பிரதானம். கூடக் குதிரை மசால், ஒரு பிடி ஊறவைத்த கொள்ளு, தாது உப்பு. இரண்டு வாரம் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினோம். பெயரிலேயே குதிரையை வைத்திருக்கும் மசாலை இத்தனை வருடம் ஆட்டுக்குப் போட்டிருக்கிறேன்!

இரண்டு மாதம் கழித்து, முடி முடிகிற இடத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டர் கீழே ஒரு வரி தெரிந்தது. அதற்கு மேலே குளம்பு வழவழவென்று, கீழே பழைய வெடிப்பு. குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய 8 மில்லிமீட்டர்தான் வளரும். முன்பக்கம் மேலிருந்து தரை வரை இறங்க ஒரு வருடம்கூட ஆகும். சாயங்காலமானால் நான் குனிந்து அந்த வரியைப் பார்ப்பது வீட்டில் கேலியாகிவிட்டது. "வைகை அணையில இன்னைக்கு எத்தனை அடி?" என்பாள் மனைவி. போன மாசியில் வரி தரையைத் தொட்டது. அரத்தால் நாலு இழுப்பு, மிச்சமும் போயிற்று.

குளம்பின் அடியில், நடுவே முக்கோணமாக ஒரு மெத்தை இருக்கும். முன்பு அது கறுத்து, அழுகி, கிட்டே போக முடியாதபடி நாறும். இப்போது ரப்பர் செருப்பு மாதிரி கெட்டி. ஐப்பசி மழையில் மட்டும் நாற்றம் எட்டிப் பார்த்தது. தினமும் கொக்கியால் சுரண்டியதில் அடங்கிவிட்டது.

எல்லாம் நல்லதுதான். இந்த ஜல்லிதான் உயிரை வாங்குகிறது. வீட்டிலிருந்து சாலை வரை இருநூறு அடி. ரோடு போடுகிறோம் என்று எட்டு மாதத்துக்கு முன் முக்கால் இஞ்ச் ஜல்லியைப் பரப்பியவர்கள் தாரை மறந்துவிட்டார்கள். தாரில் செவலை ராணி மாதிரி நடக்கும், வரப்பில் பறக்கும். இந்த இருநூறு அடியில் மட்டும் தீ மிதிப்பது போல ஒவ்வொரு காலாக எடுத்து வைக்கும். டீக்கடையில் இருப்பவர்கள், "லாடத்துக்குக் காசில்லையா?" என்பார்கள். குதிரைக்கென்று பூட்ஸும் வாங்கினேன். நாலு காலுக்கும் மாட்டிக் கழற்றுவதற்குள் வெயில் ஏறிவிடுகிறது. ஐந்து வாரத்துக்கொரு முறை அரம் போட்டுப் போட்டு என் இடுப்பு போனது தனிக்கதை.

பங்காளியிடம், "தீனியை இன்னைக்கே மாத்த ஆரம்பிப்பா, லாடத்துல கை வைக்காதே" என்றேன்.

"அப்போ நீங்க திரும்ப அடிக்கப் போறீங்களாண்ணே?"

அன்று காலைதான் ஜல்லியில் செவலை தடுமாறியிருந்தது. அந்தக் கோபத்தில் ஆமாம் என்றுவிட்டேன். லாடக்காரருக்கும் போன் போட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை வருகிறார். அந்தக் குளம்பில் மறுபடி ஆணி இறக்கச் சொல்ல எனக்கு வாய் வருமா என்றுதான் தெரியவில்லை.